மாய்ஸ்சரைசர் ஒத்துக்கொள்ளவில்லையா? அறிகுறியை வைத்து மூலப்பொருள் பட்டியலைப் படிக்கும் வழிமுறை

ஒரு மாய்ஸ்சரைசர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெரும்பாலானோர் அதை ஓரமாக வைத்துவிட்டு, விலை கூடிய இன்னொன்றை வாங்குகிறார்கள். பெயரும் மணமும் மாறினாலும், தொந்தரவு கொடுத்த அதே மூலப்பொருள் புதிய புட்டியிலும் இருந்துவிட்டால் தோலின் நிலை மாறுவதில்லை. ஆகவே இந்த வழிமுறை தோலில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வோர் அறிகுறிக்கும், கையில் இருக்கும் புட்டியின் பின்புறத்தில் எதைத் தேட வேண்டும், அடுத்து வாங்கும் புட்டியில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

பட்டியலைப் படிக்கும் முறை

இந்தியாவின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-இன்படி, 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்பட்ட பொருட்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவற்றை அதற்குப் பின் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த 1 சதவீத எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் புட்டி சொல்லாது. அதைக் கண்டுகொள்ள எளிய வழி, ஃபீனாக்சிஎத்தனால் என்ற பெயரைத் தேடுவதுதான். கிரீமில் கிருமிகள் வளராமல் காக்கும் அந்தப் பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 1 சதவீதம் என்பதால், அதற்குப் பின்னால் வரும் எதுவும் அந்த அளவைத் தாண்டியிருக்க முடியாது. கார்போமர், சாந்தன் கம், டைசோடியம் ஈடிடிஏ ஆகியவையும் வழக்கமாக அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். முகப்பில் பெரிதாகப் படம் போட்ட பாதாமும் குங்குமப்பூவும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தப் படத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

60 மில்லி லிட்டருக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீமுக்கும் இந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை. சாஷேவாகவோ சிறு டியூபாகவோ வாங்குகிறவர்கள், அதே பொருளின் பெரிய பொதியைக் கடையில் கேட்டு வாங்கி அதிலுள்ள பட்டியலைப் படித்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிதாகிவிடும். கிளிசரின், யூரியா, சார்பிட்டால், சோடியம் ஹையலுரோனேட் போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. ஸ்குவாலேன், செட்டைல் ஆல்கஹால், தாவர எண்ணெய்கள் போன்றவை செதில்களுக்கு இடையே புகுந்து தோலை மிருதுவாக்குபவை. பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லி), மினரல் ஆயில், டைமெதிகோன், லேனோலின், தேன்மெழுகு ஆகியவை மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாகாமல் தடுப்பவை. இந்த மூன்றில் எது குறைகிறது, எது மிஞ்சுகிறது என்பதில்தான் கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு விடை இருக்கிறது.

பூசிய சிறிது நேரத்திலேயே தோல் மீண்டும் இழுக்கிறது

கடையில் அருகருகே இருக்கும் இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் பட்டியல் நீர், கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால், ஃபீனாக்சிஎத்தனால், கார்போமர், சோடியம் ஹையலுரோனேட், கற்றாழைச் சாறு, வாசனை என்று போகிறது. இரண்டாவதன் பட்டியல் நீர், கிளிசரின், பெட்ரோலேட்டம், செட்டியரைல் ஆல்கஹால், டைமெதிகோன், ஃபீனாக்சிஎத்தனால், செராமைடு என்பி, கொலஸ்ட்ரால், சாந்தன் கம் என்று போகிறது. முதலாவது ஜெல், பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், சட்டென்று மறைந்துவிடும். ஆனால் அதில் நீரை ஈர்ப்பவை மட்டுமே உள்ளன, ஈர்த்த நீரை மூடிக் காக்க எதுவுமே இல்லை. முகப்பில் பெருமையாகச் சொல்லப்படும் ஹையலுரோனிக் அமிலமும் (பட்டியலில் சோடியம் ஹையலுரோனேட்) 1 சதவீத எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் வெளியே நடமாடுகிறவருக்கு இந்த ஜெல் போதுமானதாக இருக்கலாம். அதே சென்னையில் நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, வறண்ட காற்று தோலின் மேற்பரப்பிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், இது போதாது.

இரண்டாவதில் மூன்று வகைகளும் இருக்கின்றன. தோலின் மேலடுக்கை, இறந்த செல்களைச் செங்கல்லாகவும் அவற்றுக்கு இடையிலான கொழுப்பைச் சாந்தாகவும் கொண்ட சுவர் என்று தோல் மருத்துவ நூல்கள் விளக்குகின்றன. அந்தச் சாந்தில் எடையளவில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், எஞ்சியதில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ஆகவே செராமைடு தனியாக வருவதைவிடக் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் கூடவே வரும் பட்டியலைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம். எனினும், வறட்சி மட்டுமே குறை என்றால் செராமைடுக்காக மும்மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். பட்டியலில் இரண்டாவது இடத்தில் கிளிசரினும் அதற்கு அடுத்த இடங்களில் பெட்ரோலேட்டமோ மினரல் ஆயிலோ இருக்கும் சாதாரண லோஷன் அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

ஏற்கெனவே வாங்கிய ஜெல்லைத் தூக்கி எறிய வேண்டாம். குளித்த சில நிமிடங்களுக்குள், துண்டால் ஒற்றிய ஈரத் தோலில் அதைப் பூசி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். இழுப்பு நின்றுவிட்டால், குறைந்திருந்தது மூடிக் காக்கும் வகைதான் என்பது உறுதியாகிறது. அடுத்த முறை அதைக் கொண்ட கிரீமாக வாங்கினால் போதும்.

அப்போதும் நிற்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்புக்குத்தான் போதும். உடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறக்குறைய 20 கிராம் வேண்டும். அப்படியென்றால் 100 கிராம் டியூப் ஐந்து முறைக்குத்தான் வரும். அதை இரண்டு மாதம் ஓட்டுகிறவர், எந்த மூலப்பொருளும் தன் வேலையைச் செய்யும் அளவுக்குப் பூசவில்லை என்று பொருள். விலை குறைந்த பெரிய புட்டியை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இன்னொரு காரணம் சோப்பு. தோலின் இயல்பான பிஎச் (அமில-கார அளவு) ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை; வழக்கமான சோப்புக் கட்டியின் பிஎச் 9-க்கும் 10-க்கும் இடையில். காலையும் மாலையும் சுடுநீரில் சோப்புத் தேய்த்துக் குளிப்பவருக்கு எந்த மாய்ஸ்சரைசரும் முழுப் பலன் தராது. சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு ஒப்பிடுங்கள். எல்லாம் செய்தும் உடல் முழுவதும் வறட்சி நீடித்து, சோர்வும் எடை கூடுதலும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பூசிய உடனே எரிகிறது

முதலில் அதே கிரீமை முன்கையின் உட்புறத்தில், காயமோ கீறலோ இல்லாத இடத்தில் பூசிப் பாருங்கள். அங்கே எரியாமல் முகத்தில் மட்டும் எரிந்தால், முகத் தோலின் தடுப்பு ஏற்கெனவே சிதைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம், தினமும் தேய்க்கும் ஸ்க்ரப், சவரம் ஆகியவையே அதற்கு வழக்கமான காரணங்கள். அவற்றையெல்லாம் நிறுத்தி, இரண்டு முதல் நான்கு வாரம் வரை வாசனையில்லாத எளிய கிரீமையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மட்டும் பூசி வந்தால் பெரும்பாலும் எரிச்சல் அடங்கிவிடும்.

முன்கையிலும் எரிந்தால் பட்டியலைப் பாருங்கள். லாக்டிக் அமிலம், யூரியா, புரோப்பிலீன் கிளைக்கால், அஸ்கார்பிக் அமிலம், மென்தால், டீநேச்சர்டு ஆல்கஹால் ஆகியவை எரிச்சலுக்குப் பெயர் போனவை. நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் வரை பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொண்டாலும், 10 சதவீதம் என்று விளம்பரப்படுத்தப்படும் பொருட்களில் சிலருக்கு முகம் சிவக்கிறது. செட்டைல், செட்டியரைல், ஸ்டியரில் என்ற பெயர்களோடு வரும் ஆல்கஹால்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், தோலை மிருதுவாக்குபவை. அவற்றைப் பார்த்துப் பயந்து நல்ல கிரீம்களை ஒதுக்குவோர் நிறைய இருக்கிறார்கள்.

சில நாட்கள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு அரிப்பும் தடிப்பும் வருகின்றன

எரிச்சலும் ஒவ்வாமையும் வேறு வேறு. எரிச்சல் பூசிய உடனே தெரியும். ஒவ்வாமை, உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, பூசிய ஓரிரு நாட்கள் கழித்து அரிப்பாகவும் சிவந்த தடிப்பாகவும் வெளிப்படும். பல மாதங்கள் பழகிய கிரீமே ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். 'இத்தனை நாள் இதைத்தானே பூசினேன்' என்று சொல்லிக் கிரீமின் மேல் சந்தேகம் கொள்ளாமல் இருப்பதால் பலர் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

முதலில் தேட வேண்டியது வாசனை. பட்டியலில் அது ஃபிராக்ரன்ஸ் அல்லது பர்ஃபம் என்ற ஒற்றைப் பெயரில் இருக்கும். சிலவற்றில் லினலூல், லிமோனீன், சிட்ரனெல்லால், ஜெரானியால் என்று பிரித்தும் எழுதியிருப்பார்கள். இயற்கை எண்ணெய் என்பதால் அவை பாதுகாப்பானவை ஆகிவிடாது; லாவெண்டர் எண்ணெயிலும் எலுமிச்சை எண்ணெயிலும் இருப்பவை இதே பொருட்கள்தான். 'அன்சென்டட்' என்று எழுதியிருப்பதையும் நம்பிவிட வேண்டாம். மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருந்தாலும் அப்படி எழுதுவதுண்டு. 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்ற சொல்லைத் தேடி, பின்புறப் பட்டியலிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிருமி வளராமல் காக்கும் பொருட்கள். பாராபென் மீது மக்களுக்கு அச்சம் பரவியபோது, நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு மெத்தில்ஐசோதயசோலினோன் போன்றவற்றைச் சேர்த்தன. ஐரோப்பாவில் 2005 முதல் அது தனித்தே பயன்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஒவ்வாமை நோயாளிகள் பெருகினர். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. அதே சங்கம் 2019-இல் பாராபென்னை ஒவ்வாமை தராத பொருள் என்று சிறப்பித்துச் சொன்னது. ஆகவே, 'பாராபென் இல்லை' என்ற முத்திரையை மட்டும் பார்த்து வாங்குகிறவர், அதற்குப் பதிலாக எது சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். ஒவ்வாமைத் தோல் உடையவருக்குப் பாராபென் உள்ள கிரீமே பெரும்பாலும் மேல். புரோப்பிலீன் கிளைக்கால் 2018-லும், லேனோலின் 2023-லும் அந்தச் சங்கத்தின் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட்டன. லேனோலின் உதட்டுப் பூச்சுகளிலும் பாலூட்டும் தாய்மாருக்கான காம்புக் கிரீம்களிலும் நிறைய இருக்கிறது.

எந்தக் கிரீம் காரணம் என்று உறுதி செய்ய, சந்தேகத்துக்குரிய கிரீமை மட்டும் முழங்கையின் உள்மடிப்புக்கு அருகில், ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பரப்பில், காலையும் இரவும் ஏழு முதல் பத்து நாட்கள் பூசி வாருங்கள். அங்கே தடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். எந்த மூலப்பொருள் என்று கண்டுபிடிக்கத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளலாம். கண் இமையில் மட்டும் தடிப்பு வந்தால், மாய்ஸ்சரைசரைக் குறை சொல்லும் முன் தலைச்சாயத்தையும் நகப்பூச்சையும் யோசித்துப் பாருங்கள்.

நெற்றியில் பொரிப்பொரியாக வருகிறது

கண்ணாடிக்கு அருகில் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். கரும்புள்ளியும் வெண்புள்ளியும் கலந்து, சில பெரிதும் சில சிறிதுமாக இருந்தால் அது துளைகள் அடைத்து வந்த பரு. எல்லாம் ஒரே அளவில், கடுகைப் போன்ற சிறு மேடுகளாக, தலைமுடி தொடங்கும் இடத்திலும் முதுகிலும் மார்பிலும் வரிசைகட்டி, கூடவே அரித்தால், அது மலாசேசியா என்ற ஈஸ்ட் முடிக்குழிகளில் பெருகியதால் வந்ததாக இருக்கலாம். வியர்வையும் புழுக்கமும் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் இது சாதாரணமாகக் காணப்படுவது.

இரண்டையும் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், அந்த ஈஸ்ட் நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களை உண்டு வாழ்கிறது. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், பாலிசார்பேட்டுகள், பல எஸ்டர்கள் ஆகியவை அதற்குத் தீனி. அதன் தீனியாகாத மினரல் ஆயில், பெட்ரோலேட்டம், ஸ்குவாலேன், டைமெதிகோன், கிளிசரின் ஆகியவற்றால் ஆன பட்டியலுக்கு மாறி, ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கீட்டோகொனசோல் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் ஸ்டீராய்டு கிரீமும் இதை மோசமாக்கும்.

சாதாரணப் பரு என்றால், கொழுப்பு மிகுந்த பொருட்களைக் குறைத்து ஜெல்-கிரீமுக்கு மாறலாம். இணையத்தில் சுற்றும் 0 முதல் 5 வரையிலான துளையடைப்பு மதிப்பெண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் 1970-களிலும் 80-களிலும் முயலின் காதில் தூய பொருளைப் பூசிச் சோதித்ததிலிருந்து வந்தவை. கிரீமில் 2 சதவீதம் கலந்திருக்கும் ஒரு பொருள் மனித முகத்தில் அப்படியே நடந்துகொள்ளும் என்று அவற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது.

பிசுபிசுக்கிறது, அல்லது திரிதிரியாக உருள்கிறது

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் கிளிசரினின் அளவு அதிகமாக இருப்பதோ, ஈரக்காற்றில் பெட்ரோலேட்டம் பூசுவதோதான். பகலில் டைமெதிகோன் முன்னிலையில் இருக்கும் லோஷனையும், பெட்ரோலேட்டம் உள்ளதை இரவிலும் பயன்படுத்துங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் தூய கிளிசரினை நீர் கலக்காமல் பூசக் கூடாது. திரிதிரியாக உருள்வது, கார்போமரோ சாந்தன் கம்மோ உள்ள ஜெல்லின் மேல் சிலிகோன் மிகுந்த சன்ஸ்கிரீனைத் தேய்ப்பதால் வருவது. முதல் பூச்சைக் குறைத்து, அது உலரும் வரை பொறுத்து, அடுத்ததைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசினால் தீரும்.

குதிகால் வெடித்திருக்கிறது, புயத்தில் முள்முள்ளாக இருக்கிறது

இங்கே சாதாரண மாய்ஸ்சரைசர் தோற்பது இயல்பு. தடித்த தோலைக் கரைக்கும் பொருள் தேவை. யூரியா 10 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைத் தளர்த்தும். ஆகவே சதவீதத்தை வெளிப்படையாக எழுதியிருக்கும் கிரீமையே வாங்குங்கள். புயத்து முட்களுக்கு 10 முதல் 20 சதவீத யூரியாவோ 12 சதவீத அம்மோனியம் லாக்டேட்டோ பொருந்தும். குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீத யூரியாவை இரவில் பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். ரத்தம் கசியும் வெடிப்பில் இவை கடுமையாக எரியும். அது ஆறும் வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதும். சர்க்கரை நோயாளிகள் வெடிப்பைத் தாங்களே கல்லால் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தையின் தோல் கிரீம் பூசியும் சிவந்தே இருக்கிறது

பட்டியலில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அக்வியஸ் கிரீம் என்ற பெயரில் விற்கப்படும் பழைய கலவையில் அது உண்டு. கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்கு அது எரிச்சல் தரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. ஆலிவ் எண்ணெய் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைச் சிதைத்தது, லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் சிதைக்கவில்லை.

லோஷனா, கிரீமா, ஜெல்லா, களிம்பா என்று குழம்ப வேண்டாம். கரப்பான் உள்ள 550 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் இந்த நான்குக்கும் இடையே பலனில் வேறுபாடு தெரியவில்லை. குழந்தை அழாமல் பூசவிடுகிற, வாசனையில்லாத எதுவும் சரியான தேர்வே. ஒரே ஓர் எச்சரிக்கை: இத்தகைய கிரீம்கள் ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பற்றும் என்று பிரிட்டனின் அந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் மீண்டும் எச்சரித்தது. நாள்தோறும் கிரீம் பட்ட துண்டையும் சட்டையையும் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே கொண்டுபோக வேண்டாம்.

முகம் வேகமாக வெளுக்கிறது

மாய்ஸ்சரைசர் தோலின் நிறத்தை மாற்றாது. சில வாரங்களிலேயே முகம் பளிச்சென்று வெளுத்தால் அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம் என்றே சந்தேகிக்க வேண்டும். மூலப்பொருள் பட்டியலோ, தயாரிப்பு உரிம எண்ணோ, தயாரிப்பாளரின் முகவரியோ இல்லாத டியூப், 'வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பூசவும்' என்ற குறிப்பு, சாம்பல் கலந்த நிறம் ஆகியவை பாதரசத்தின் அடையாளங்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு தொகுப்பில், குறிப்பிட்ட ஒரு வகைச் சிறுநீரக வடிகட்டிப் பாதிப்பு இருந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய வெளுப்புக் கிரீம்களைப் பூசியவர்கள்.

பாதரசம் என்று சந்தேகம் வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். டியூபை மூடி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள். தலையணை உறையையும் துண்டையும் மாற்றுங்கள், ஏனென்றால் அவற்றின் வழியே வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது பரவும். சிறுநீரில் நுரையோ காலில் வீக்கமோ இருந்தால் தாமதிக்காமல் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018 முதல் இவை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை. நீண்ட நாள் பூசியவர் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து கொந்தளிக்கும் என்பதால், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று தோல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். போகும்போது அந்த டியூபையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.